இரண்டாவது விசில்

எங்கள் கல்லூரியில் தூங்கினால்தான் வேலை கிடைக்கும். சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தவள்தான்.

கோவைக்குத் தெற்கே, மலை தெரியும் தூரத்தில் இருக்கிற மேலாண்மைக் கல்லூரி அது. அதில் பணிமாற்ற ஆய்வு மையம் என்று தனியாக ஒரு கட்டடம். நீலத் திரை போட்ட ஆறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு ஸ்டூல். வேலை தேடி வந்தவருக்குக் கட்டில், எனக்கு ஸ்டூல். மதியம் வந்தவருக்கு ஒரு கிண்ணம் தயிர்சாதமும் இரண்டு மாவடுவும் கொடுப்போம். எத்தனையோ மாத்திரைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு எங்கள் பேராசிரியர் அரவிந்தாட்சன் கடைசியில் வந்து சேர்ந்த தூக்க மருந்து அதுதான். சாப்பிட்டுப் படுத்ததும் தலையில் வலைத்தொப்பியை மாட்டுவேன். இருபது நிமிடத் தூக்கம். அதற்குள் அவர் கேட்டு வந்த வேலையில் ஒரு முழு நாளைக் கனவில் வாழ்ந்து முடித்துவிடுவார். எப்படி வாழ்ந்தார் என்பதற்கு இயந்திரம் மதிப்பெண் போடும்.

நேர்முகத் தேர்வில் பொய் சொல்லலாம், தூக்கத்தில் சொல்ல முடியாது என்பது சாரின் வாதம். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. பதினோரு வருடம் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்தவள் நான். "உங்க பலம் என்ன, பலவீனம் என்ன?" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்டிருக்கிறேன். நாற்பது பேரும், "ஓவரா உழைச்சிருவேன் மேடம், அதுதான் என் பலவீனம்" என்பார்கள். தொப்பி வந்ததும் என் கேள்விக்கு வேலை போயிற்று, கூடவே எனக்கும். பிறகு வெட்கத்தை விட்டு அந்தத் தொப்பியை மாட்டிவிடுகிற வேலைக்கே வந்து சேர்ந்தேன். என் பெயர் சிந்துஜா. கேண்டீனில் கேட்டால் தாலாட்டு மேடம் என்பார்கள்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம். ஸ்டூலில் இருப்பவள் வாய் திறக்கக் கூடாது. தூங்குகிறவரின் காது தூங்காது, வெளியே கேட்பதையெல்லாம் கனவு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருமுறை நான் தும்மித் தொலைத்தேன். வங்கி வேலைக்கு வந்திருந்தவரின் கனவில் கூரையே இடிந்து விழுந்துவிட்டது. மனிதர் லாக்கர் சாவியோடு தெருவுக்கு ஓடிவிட்டார், பாவம். அவருக்கு மறுதேர்வு வைக்க வேண்டியதாயிற்று.

நாச்சிமுத்து அண்ணன் வந்தது ஆனி மாதம், காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம். வயது ஐம்பத்தொன்று. பொள்ளாச்சி ரூட்டில் தனியார் பஸ்ஸில் இருபத்தேழு வருடம் கண்டக்டர். பஸ்கள் தாமே ஓடவும், தாமே டிக்கெட் கொடுக்கவும், தாமே கதவைச் சாத்தவும் கற்றுக்கொண்ட பிறகு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது கேட்டு வந்திருந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வழிகாட்டி வேலை. வாசலில் வந்து திகைத்து நிற்கிறவர்களை எந்த டாக்டர், எந்த மாடி என்று பார்த்துக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

"ஏனுங் அம்மிணி, சோத்தையும் போட்டுத் தூங்கவும் சொல்றீங்க. மாமியார் ஊட்டுலகூட நம்மள இப்படிக் கவனிச்சதில்லீங்."

"படுங்கண்ணா, பேசினா தூக்கம் கலைஞ்சிரும்."

"ஊட்டுல சும்மா இருக்க முடியலீங். முன்னால ஆசாரத்துக்கும் பின்னால சமையக்கட்டுக்கும் நடந்துட்டே இருக்கறேன். எத்தனை ட்ரிப் அடிப்பீங்க, உக்காருங்கன்னு ஊட்டுக்காரி சத்தம் போடறா." அவர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். பச்சைக் கயிற்றில் ஒரு விசில். "இது இருக்கலாமுங்களா? இல்லாட்டி நெஞ்சுல ஏதோ காணாப்போன மாதிரி இருக்குது."

"ஊதாம இருந்தாச் சரி," என்றேன்.

தூங்கிப்போனார். மழையில் நனைந்த கண்ணாடி வழியே பார்ப்பது மாதிரித்தான் எங்கள் கணினித் திரையில் கனவு தெரியும். ஆஸ்பத்திரிக் கூடம் வந்தது. வெள்ளைத் தரை, வரிசையாக நாற்காலிகள், கையில் சீட்டோடு நோயாளிகள். கொஞ்ச நேரத்தில் கூடம் மெல்ல நீளத் தொடங்கியது. சுவரில் ஜன்னல்கள் திறந்தன, கூரையிலிருந்து கம்பி இறங்கியது, நோயாளிகள் ஒருவரும் ஆச்சரியப்படாமல் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் உடம்பை ஒருக்களித்து அவர்களுக்கு நடுவே நீந்திக்கொண்டு போனார். "எலும்பு டாக்டருக்கு எறங்கறவங்க முன்னால வந்துருங்க! கண்ணு, காது, மூக்கெல்லாம் உள்ள தள்ளி நில்லுங்! இந்தாங் தம்பி, கால்ல கட்டுப் போட்டவருக்கு எடம் குடுங்!" நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றாயிற்று. அண்ணன் படியில் ஒரு காலை வைத்து, விசிலை வாயில் வைத்தார். ஆனால் ஊதவில்லை. பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். தூரத்தில், வெயிலில் நடுங்குகிற தார் ரோட்டில், ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை, கையில் மஞ்சள் பை மட்டும் தெரிந்தது. அவள் ஓடினாள், ஓடினாள், கனவில் ஓடுகிறவர்கள் மாதிரியே கிட்டத்தில் வராமல் ஓடினாள். அண்ணன் நின்றார். நோயாளிகள் நின்றார்கள். இருபது நிமிடம் முடிந்தது.

மதிப்பெண் பதினொன்று. குறிப்பு: வேலையைத் தொடங்கவே இல்லை.

மறுவாரம் இரண்டாவது தூக்கம். அதே கூடம், அதே பஸ், அதே மஞ்சள் பை. மதிப்பெண் ஒன்பது.

எழுந்ததும் தண்ணீர் கொடுத்துவிட்டு, "யாருண்ணா அந்தப் பொம்பளை? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டேன்.

"எவளோ. தெரிஞ்சவளா இருந்தாத்தான் நிக்கோணுமுங்களா?" என்றார் அவர். பிறகு சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்திச் சொன்னார். "ஒரு விசில்னா நிறுத்து. ரெண்டு விசில்னா போலாம். அந்த ரெண்டாவது விசிலுக்கு முன்னால பின்னாடி ஒருக்காத் திரும்பிப் பாக்கோணும். எப்பவும் ஒரு ஆள் ஓடி வந்துட்டு இருக்கும். அது ஏறாம வண்டி எடுத்தா அன்னைக்குச் சோறு எறங்காதுங் அம்மிணி."

மூன்று தூக்கம்தான் ஒருவருக்கு. மூன்றிலும் ஐம்பதைத் தொடாதவரின் பெயர் 'மாற இயலாதவர்' பட்டியலுக்குப் போகும். எல்லா நிறுவனங்களின் கையிலும் அந்தப் பட்டியல் உண்டு. அதில் ஏறியவரை வாட்ச்மேன் வேலைக்குக்கூடத் தூங்கக் கூப்பிட மாட்டார்கள். அண்ணனுக்கு இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

நான் சாரிடம் போனேன். அரவிந்தாட்சன் சார் கெட்டவர் இல்லை. மூக்கில் ஒன்று, கழுத்தில் ஒன்று என்று இரண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு, அரைத் தூக்கத்தில் இருப்பவர்போல் மெதுவாகப் பேசுவார். வேலை இழந்த ஒருவரைக்கூட விட்டுவிடக் கூடாது என்றுதான் இந்த ஆராய்ச்சியையே தொடங்கினார்.

"இதுக்குப் பேர் பழந்தடம், சிந்துஜா. ஒரே வேலையை இருபது வருஷம் செஞ்சா மூளைக்குள்ள வண்டித் தடம் மாதிரி விழுந்துடுது. புது வேலைக்குக் கிளம்பினாலும் சக்கரம் அதுலயே போய் விழுது."

"சார், கடைசி ஆளுக்காக நிக்கறாரு. ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு ஆள்தானே வேணும்?"

"ஆஸ்பத்திரிக்கு என்ன வேணும்னு நானோ நீங்களோ சொல்ல முடியாதே. அவங்க மாதிரித் தூக்கம் கொடுத்திருக்காங்க. அவங்ககிட்ட நல்லாச் செய்யற நாற்பது பேரைத் தூங்க வெச்சு எடுத்தது. அதோட ஒத்துப் போகணும், அவ்வளவுதான்."

"அந்த நாற்பது பேருக்கும் என்ன வயசு சார்?"

அவர் ஒரு கண்ணாடியைக் கழற்றி மறு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இருபத்திரண்டு. சில பேர் இருபத்துமூணு. எல்லாருக்கும் இதுதான் முதல் வேலை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பழசே இல்லாதவர்களின் தூக்கத்தை அளவாக வைத்து, ஐம்பது வயதுக்காரர்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தோம். சார் மேஜைமேல் ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். தடம் நீக்கம். மூன்று மதியத் தூக்கத்தில் பழைய வேலையின் பழக்கத்தைத் துடைத்துவிடுவார்கள். ஞாபகம் இருக்கும், ஆனால் யாரோ சொல்லிக் கேட்டது மாதிரி இருக்கும். அதன்பின் எல்லாரும் தொண்ணூறுக்கு மேல்.

அடுத்த மதியம் அண்ணன் அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங் அம்மிணி, போடட்டுமா கையெழுத்து?" என்று கேட்டார்.

நான் யோசனை சொல்லக் கூடாது. சொல்லவும் இல்லை. கனகாம்புஜம் அக்காவைப் பற்றி மட்டும் சொன்னேன். பதினெட்டு வருடம் தையல் வேலை பார்த்தவர். தடம் நீக்கி, தொண்ணூற்றேழு வாங்கி, ஒரு போன் கம்பெனியில் சேர்ந்தார். இரண்டு மாதம் கழித்து எங்களைப் பார்க்க வந்தவரின் ரவிக்கை தோளில் பிரிந்திருந்தது. "இங்க பக்கத்துல தையக்காரங்க யாராச்சும் இருக்காங்களா கண்ணு? இது யாரு தெச்சதோ, எவ்வளவு நல்லாத் தெச்சிருக்காங்க பாரு" என்று தடவித் தடவிக் காட்டினார். தைத்தது அவரேதான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் வெகுநேரம் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு படிவத்தை நாலாக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். "வேண்டாமுங். இருக்கறதோட தூங்கிப் பாப்போம்."

மூன்றாவது தூக்கம். காற்று நின்றுபோன, புழுக்கமான மதியம். கூடம் வந்தது, நீண்டது, ஜன்னல்கள் திறந்தன. எல்லாரையும் ஏற்றி நிறுத்தினார். படியில் காலை வைத்தார். விசிலை வாயில் வைத்தார். திரும்பிப் பார்த்தார். மஞ்சள் பை ஓடி வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து. பன்னிரண்டு. கட்டிலில் அவர் நெற்றி வேர்த்தது. இன்னும் எட்டு நிமிடத்தில் இந்த மனிதரைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள், பிறகு சாகும்வரை முன்கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருப்பார். என்னால் தாங்க முடியவில்லை.

குனிந்து அவர் காதில் சொன்னேன். "எல்லாரும் ஏறியாச்சுங்ணா. போலாம் ரைட்."

கனவில் அவர் முகம் தெளிந்தது. இரண்டு விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. ஐயோ, அது போன அழகை என்னவென்று சொல்வேன்! ஆஸ்பத்திரியே தென்னந்தோப்புக்கு நடுவில் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் மெதுவாகச் சுற்றின, ஆழியாறு மலை நீலமாக வந்து போயிற்று. அவர் ஒவ்வொருவரையும் அவரவர் டாக்டர் வாசலில் கைபிடித்து இறக்கிவிட்டார். ஒரு தப்புகூட இல்லை. ஒரு வருத்தமுகம்கூட இல்லை. நான் மட்டும் பின்கண்ணாடியைப் பார்த்தேன். தார் ரோட்டில் மஞ்சள் பை நின்றுவிட்டது. நின்று, சின்னதாகி, மறைந்தது.

எண்பத்தெட்டு.

விழித்ததும் அவர் முதலில் கேட்டது அதைத்தான். "ஏறிட்டாளுங்களா?"

"ஏறிட்டாங்கண்ணா," என்றேன்.

இரண்டு மாதம் கழித்துக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டு நானே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீலக் கோட்டு போட்டு, நெஞ்சில் ஒரு பாராட்டு வில்லையோடு நாச்சிமுத்து அண்ணன் கூடத்தில் நின்றார். கண்ணுக்கு இந்தப் பக்கம், காதுக்கு அந்தப் பக்கம் என்று அவர் கை அசைவதைப் பார்க்கவே பெருமையாக இருந்தது. லிஃப்டில் ஆளை ஏற்றினார். அப்போது வாசலில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையும் கையில் ஃபைலுமாக, "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தாள். அவர் திரும்பவில்லை. பொத்தானை அழுத்தினார். கதவு மூடியது. அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு மூடிய கதவின் முன் நின்றாள்.

அவர் கீழே வந்ததும் கேட்டேன். "அந்தப் பொண்ணு ஓடி வந்துச்சே, பாக்கலியாண்ணா?"

"எந்தப் பொண்ணுங்?" அவர் சிரித்தார். "இப்பெல்லாம் நான் திரும்பியே பாக்கறதில்லீங் அம்மிணி. கதவு சாத்தற நேரம் வந்தா காதுக்குள்ள ஒரு குரல் சொல்லுது, எல்லாரும் ஏறியாச்சுங்ணான்னு. அத்தோட நிம்மதியாப் போயிர்றேன். இருபத்தேழு வருசத்துல இல்லாத நிம்மதி. எல்லாம் உங்க புண்ணியமுங்."

சார் மூன்று மதியத்தில் துடைப்பதை நான் ஒரே வரியில் துடைத்திருந்தேன். அதுவும் படிவம் இல்லாமல், கையெழுத்து இல்லாமல், நல்லது செய்கிறோம் என்ற நினைப்போடு.

"அண்ணா, அன்னைக்கு யாரும் ஏறலை. அவங்க ஓடி வந்துட்டுத்தான் இருந்தாங்க. ஏறியாச்சுன்னு சொன்னது நான். உங்க காதுல கேக்கறது என் குரல்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "அப்ப அவ?"

"நின்னுட்டாங்கண்ணா. ரோட்டுலயே."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் போனார், ஃபைலை வாங்கிக்கொண்டார், லிஃப்டுக்குக் காத்திருக்காமல் குழந்தையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாருக்குக் கோபம் வராது, குறிப்புதான் எடுப்பார். எடுத்தார். "நாச்சிமுத்து இப்ப நல்லா வேலை செய்யறார். அவர் மதிப்பெண்ணை நான் தொட மாட்டேன். ஆனா உங்களை இனி ஸ்டூல்ல உட்கார வைக்க முடியாது, சிந்துஜா." எழுந்து கதவு வரை கூடவே வந்தார். "உங்களுக்கு இந்தத் தேர்வோட உள்ளும் புறமும் தெரியும். அதனால வேற வேலைக்குத் தூங்க உங்களுக்கு மூணு வாய்ப்பு கிடையாது. ஒண்ணுதான்."

அந்த ஒன்றை ஒரு குழந்தைகள் காப்பகத்து வேலைக்குக் கேட்டு எழுதினேன். நாற்பது வயதில் எனக்கு என்ன தெரியும்? இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உன் பலவீனம் என்ன என்று கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. நான் எத்தனை பேரைப் படுக்க வைத்த கட்டில் அது! தேர்வு நாளன்று அந்த அறை வாசலில் என் பெயர் தொங்கியது. நடையில் இருந்த பெஞ்சில் நீலக் கோட்டோடு நாச்சிமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். வேலையில் சேர்ந்தவர்கள் அவ்வப்போது வந்து தொடர் ஆய்வுக்குக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். எந்த முகத்தோடு பேச?

ஸ்டூலில் புதிதாக வந்திருந்த ஹம்சவேணி. தயிர்சாதம் சாப்பிட்டேன். மாவடு உறைத்தது. தொப்பி இறங்கியது.

காப்பகம் எங்கோ இருந்தது. அதற்குப் போகிற பஸ் ரோட்டின் கோடியில் நின்றது. ஜன்னல் முழுக்கக் குழந்தைகள், ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக நின்றன. எனக்கு நேரமாகிவிட்டது. ஓடினேன். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. எவ்வளவு ஓடியும் பஸ் அதே தூரத்தில் இருந்தது. கை கனத்தது. குனிந்து பார்த்தேன். மஞ்சள் பை.

அட, நான்தானா?

அப்போது பஸ்ஸுக்குள்ளிருந்து என் குரலே எனக்குக் கேட்டது. எல்லாரும் ஏறியாச்சுங்ணா. போலாம் ரைட்.

"இல்லை, நான் ஏறலை, நான் ஏறலை!" என்று கத்தினேன். தொண்டையில் சத்தம் வரவில்லை.

விசில் ஒலித்தது. நீளமாக, காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு விசில். என் கால் நின்றுபோயிற்று. இனி இரண்டாவது வரும், பஸ் போய்விடும், நான் சின்னதாகி மறைந்துவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டாவது விசிலுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

ஒரு விசில் என்றால் நிறுத்து. கண்ணைத் திறந்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. படியில் யாரோ ஒருவர் ஒற்றைக் காலில் தொங்கி, பின்பக்கம் பார்த்துக் கையை வீசிக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். இந்தமுறை ரோடு குறைந்தது.

விழித்தபோது ஹம்சவேணி ஸ்டூலில் இல்லை. நீலத் திரைக்கு வெளியே நடையில் அவள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க நீங்க, படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இங்க மூச்சுச் சத்தம்கூடக் கேக்கக் கூடாதுன்னு. உள்ள எட்டிப் பாத்ததுமில்லாம விசிலை எடுத்து ஊதறீங்க!"

"ஒண்ணுதானுங் அம்மிணி ஊதுனேன்," என்றது நாச்சிமுத்து அண்ணன் குரல். "ஆள் ஏற வேண்டாமுங்களா?"